முதல் கப்பல் வந்த தேதி

அப்பாவின் புது நாவலில் பதினேழாம் அத்தியாயத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பாதிப் பக்கத்தில் ஒரு கப்பல் வந்தது. விசைகளிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அந்த அத்தியாயத்தில்தான் ராய் கடைசி முறையாகக் குடிக்கிறான். கால்வாய்க் கரையில் காரை நிறுத்தி, காகிதப் பையில் சுற்றிய பாட்டிலோடு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். வெளியே மூடுபனி. தூக்குப் பாலம் மேலே ஏறுகிறது. அந்த வருஷத்தின் முதல் கடல் கப்பல் ஏரியிலிருந்து துறைமுகத்துக்குள் வருகிறது. பச்சைக் கப்பல். வழக்கப்படி சங்கு ஊதுகிறது. பாலமும் பதிலுக்கு ஊத வேண்டும். ஊதவில்லை. கப்பல் மறுபடி ஊதுகிறது. பாலம் ஊமையாக நிற்கிறது. கூட்டம் சிரிக்கிறது. ராய் பாட்டிலை முடித்துவிட்டு, கார் ஹாரனை நீளமாக அழுத்திக் கப்பலுக்குப் பதில் சொல்கிறான். கூட்டம் கைதட்டுகிறது.

அந்தக் கைதட்டலை நான் கேட்டிருக்கிறேன். போன வருஷம் பாலத்துக்கு அந்தப் பக்கம், தடுப்புக்குப் பின்னால், ஏரித் தண்ணீர் நிரப்பிய குப்பிகளோடு நின்றிருந்தேன். மூடுபனியில் பாதிக் கப்பல்தான் தெரிந்தது. எங்கிருந்தோ ஹாரன் கேட்டதும் என் பக்கத்தில் நின்ற பெண், "யாரோ நல்ல குஷியில இருக்கான்" என்றாள்.

ராய் அப்பாதான். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. எல்மர் தோர்சன் ஆறு நாவல்கள் எழுதியவர். எங்கள் ஊரான டூலூத்தின் நூலகத்துக்குள் நுழைந்ததும் அவர் படம்தான் கண்ணில் படும். ஏழாவது நாவல் தன் குடியைப் பற்றியது, பெயர்களை மட்டும் மாற்றியிருப்பதாக நியூயார்க் பதிப்பகத்துக்கு அவரே எழுதிக் கொடுத்திருந்தார். கையால்தான் எழுதுவார். அவர் கையெழுத்து எனக்கு மட்டும்தான் புரியும். அதனால் வாரத்தில் நான்கு மாலை, குடிநீர் ஆய்வகத்தில் என் வேலை முடிந்ததும், அவர் வீட்டுக்குப் போய்த் தட்டச்சு செய்து கொடுத்தேன்.

அப்பா கடைசியாகக் குடித்தது போன வருஷம் மார்ச் ஒன்பதாம் தேதி. எங்களிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். தேவாலயத்தின் அடித்தளத்தில் குடியை விட நினைப்பவர்களுக்காக நடக்கும் வியாழக்கிழமைக் கூட்டத்திலும் அதே தேதிதான். அங்கே எல்லோருக்கும் ஒரு தேதி உண்டு. ஒரு மடக்கு குடித்தாலும் பழைய தேதி போய்விடும். மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

மார்ச் ஒன்பதில் எங்கள் ஏரிக்குக் கடல் கப்பல் வராது. துறைமுகம் முழுக்கப் பனிக்கட்டியாக இருக்கும். அதன் மேல் லாரி ஓட்டலாம்.

மறுநாள் காலை ஆய்வகத்தில் பழைய பதிவேட்டை எடுத்தேன். ஏப்ரல் இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை. தண்ணீரின் வெப்பம் இரண்டரை டிகிரி. ஓரத்தில் என் கையெழுத்து: முதல் கப்பல், பாலத்தில் மின்தடை, நாற்பது நிமிடம் தாமதம்.

மார்ச் ஒன்பதிலிருந்து விரல் விட்டு எண்ணினேன். பிறகு காகிதத்தில் எழுதியும் பார்த்தேன். ஐம்பத்தோரு நாள்.

இந்த ஐம்பத்தோரு நாள் எனக்குச் சின்ன விஷயமில்லை. அம்மா வீட்டைவிட்டுப் போய் மூன்று வருஷமாகிறது. மேற்குத் தெருவில் இரும்புச் சாமான் கடைக்கு மேலே ஒரு அறையில் இருக்கிறாள். பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை. ஒரு வருஷம் முழுசாக, ஒரு சொட்டுத் தொடாமல் இருந்தால் திரும்பி வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். இந்த வருஷம் மார்ச் ஒன்பதே வியாழக்கிழமையாக விழுந்தது. அன்று கூட்டத்துக்கு வந்து பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை வீட்டுக்காரரிடம் அறையைக் காலி செய்வதாகச் சொல்வதாக ஏற்பாடு.

ஒரு வருஷம் ஆனவருக்குக் கூட்டத்தில் வெண்கல வில்லை ஒன்று கொடுப்பார்கள். யார் கையால் வாங்குவது என்பதை அவரே சொல்லலாம். எங்கள் ஊர்க் கூட்டத்தில் மட்டும் இன்னொரு வழக்கமும் உண்டு. கொடுப்பவர் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்த வருஷத்தை நான் பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். அப்பா என்னைக் கேட்டிருந்தார். நாலு பேர் நடுவில் பேசுவதென்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு வாக்கியம்தானே என்று ஒப்புக்கொண்டேன். அந்த வாக்கியத்தைச் சொல்ல முடியுமா என்பது இப்போதுதான் கேள்வியானது.

தேதி விஷயத்தில் பொய் சொன்னவர் நேற்று என்ன செய்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அந்த வாரம் முழுக்க வீட்டை மோப்பம் பிடித்தேன். குளியலறையில் வாய் கொப்பளிக்கும் மருந்து எவ்வளவு குறைகிறது என்று பார்த்தேன். வெனிலா எசன்ஸ் பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன்; இரண்டிலும் சாராயம் கலந்திருக்கும். கார் எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். புதன்கிழமை பதினொரு மைல் அதிகம் ஓடியிருந்தது. மதுக்கடை மூன்று மைல். போய் வர ஆறு. மீதி ஐந்து எங்கே? பின் இருக்கையில் மீன் கடையின் ரசீது கிடந்தது. அது உண்மையான மீன்தானா என்று குளிர்ப்பெட்டியைத் திறந்துகூடப் பார்த்தேன். மீன்தான்.

அவர் கண்ணைப் பார்த்தேன். கை நடுக்கத்தைப் பார்த்தேன். எப்போதும் பக்கத்தில் வைத்திருக்கும் பிளாஸ்க்கைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை அவர் கீழே போனபோது பிளாஸ்க்கிலிருந்து காப்பியை ஒரு குப்பியில் ஊற்றிக்கொண்டேன். மறுநாள் மதிய இடைவேளையில், மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு, அதைக் காய்ச்சி வடித்தேன். வடிந்து வந்ததில் அமிலம் கலந்த டைக்குரோமேட்டைச் சொட்டினேன். ஆரஞ்சு நிறம் பச்சையானால் சாராயம் இருக்கிறது என்று அர்த்தம். ஒப்பிட்டுப் பார்க்க என் காப்பியையும் அப்படியே வடித்துப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

இரண்டும் ஆரஞ்சாகவே இருந்தன. பத்து நிமிடம் நின்று பார்த்தேன். மாறவில்லை.

சோதனைக் குழாய்களைக் கழுவும்போது எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை. அது வியாழக்கிழமைக் காப்பி. வெள்ளிக்கிழமைக் காப்பியைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

அன்று மாலை நேராகக் கேட்டுவிட்டேன். அப்பா மாடி அறையில் ஜன்னலோரம் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, பதினேழுல ஒரு சந்தேகம்."

"என் கையெழுத்து உனக்கே புரியலையா? அப்ப நான் செத்தேன்."

"கப்பல்."

"கப்பலுக்கு என்ன?"

"அது ஏப்ரல் இருபத்தொம்பது வந்துச்சு."

பென்சிலை ஊதித் தூளைத் தட்டினார். "இது நாவல்டி, பெரிட். எனக்கு வேணும்னா கிறிஸ்மஸ் அன்னைக்குக் கூடக் கப்பலக் கொண்டு வருவேன்."

"பாலம் பதிலுக்கு ஊதாம போனது ஒரே ஒரு தடவதான். போன வருஷம்."

"பேப்பர்ல படிச்சிருப்பேன்."

"கார் ஹாரன் பேப்பர்ல வரல. நான் அங்க இருந்தேன்ப்பா. தடுப்புக்கு அந்தப் பக்கம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போலத் தரையைப் பார்த்தேன். 

"காப்பி குறைஞ்சிருந்துச்சு நேத்து," என்றார். "ரிசல்ட் என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா?"

"சாராயம் இல்ல."

"அப்பாடா. எனக்கே சந்தேகமா இருந்துச்சு." சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார். "உட்காரு."

உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு ஒரு நாள்தான். அதுக்கு முன்னாடி ஐம்பத்தோரு நாள் சுத்தமா இருந்தேன். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் சுத்தமா இருக்கேன். நடுவுல அந்த ஒரு மத்தியானம்."

"அடுத்த வியாழக்கிழமையே கூட்டத்துல சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். அதுக்கு மூணு வாரம் முன்னாடிதான் கஸ் முப்பது நாள் வில்லையக் குடுத்து என்னக் கட்டிப்புடிச்சு அழுதான். இரும்புத் தாது ஏத்தற ஆளு, எருமை மாதிரி இருப்பான், அவன் அழறான். திரும்பப் போயி முதல் நாள்னு எப்படி நிக்கறது? அங்க எல்லாருக்கும் நான் யாருன்னு தெரியும். தெரியாத மாதிரி நடிப்பாங்க. வெக்கமா இருந்துச்சு. அடுத்த வாரம் சொல்லலாம்னு இருந்தேன். அடுத்த வாரம் வந்துச்சு. அப்புறம் இன்னொரு அடுத்த வாரம். பாத்தா அறுபது நாள்னு சொல்லி கையில வெச்சிட்டாங்க."

"அம்மாகிட்ட?"

"அவகிட்டச் சொன்னா வரமாட்டா." குரல் இறங்கிவிட்டது. "ஐம்பத்தோரு நாள்டி. அறுபத்திமூணு வயசுல ஐம்பத்தோரு நாள் ஒரு கணக்கா? உங்கம்மா வரட்டும். வந்தப்புறம் நானே ஒரு நாள் சொல்லிக்கறேன்."

"நான் எழுந்து நின்னு பாத்தேன்னு சொல்லணும்."

"பாத்துட்டுத்தானே இருக்க? காப்பியக்கூட விடல."

அவர் பதினேழாம் அத்தியாயத்தின் கடைசி இரண்டு பக்கங்களை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"கப்பல எடுத்துடலாம். மார்ச்னா பனி கொட்டும். கார்ல இருக்கான், கண்ணாடி மேல பனி விழுது, வெளிய ஒண்ணும் தெரியல. போதும்."

அன்றே எழுதிக் கொடுத்தார். தட்டச்சு செய்தேன். எனக்கு இலக்கியம் தெரியாது. நான் படித்தது வேதியியல். ஆனால் அந்தப் பக்கத்தில் ராய் எதற்காகக் குடிக்கிறான், எதற்காக நிறுத்துகிறான் என்பது எனக்கு விளங்கவில்லை. பனி விழுந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். அப்பா அதை வாங்கிப் படித்துவிட்டுக் குப்பையில் போட்டார். சனிக்கிழமை இன்னொரு பனி. அதையும் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவின் அறைக்குச் சாப்பிடப் போனேன். காட்டரிசி சூப் வைத்திருந்தாள். அறையில் ஒரு மூலையில் நான்கு அட்டைப் பெட்டிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. இன்னும் பிரிக்கவில்லை. கடையில் சும்மா கிடைத்தன என்றாள்.

"மெலிஞ்சிட்ட," என்றாள். "உங்கப்பா உனக்குச் சாப்பாடு போடறதே இல்லையா?"

"மீன் வாங்கி வெச்சிருக்கார்."

"அவரா? கடைக்குப் போனாரா?" என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தனியாவா?"

"ரசீது பாத்தேன்."

"ஓ. நீயும் ரசீது பாக்கறியா." அவள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள். "பெரிட், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அவர்கிட்டக் கேட்டா அழகா ஏதாவது சொல்வார். எனக்கு அழகா வேண்டாம். நீ வாரத்துல நாலு நாள் அவர்கூட இருக்க. நீ பொய் சொல்லத் தெரியாத பொண்ணு. மார்ச் ஒன்பதுல இருந்து ஒரு சொட்டுகூட இல்லையா?"

சூப்பில் ஒரு செலரித் துண்டு மிதந்தது. அதைப் பார்த்தேன். அப்பாவின் குரல் இறங்கியது நினைவுக்கு வந்தது. மடித்து வைத்த நான்கு பெட்டிகள் ஓரக்கண்ணில் தெரிந்தன. உண்மையைச் சொன்னால் அவை கடைக்கே திரும்பிப் போகும். மாடி அறையில் அப்பா தனியாக இருப்பார். அதற்கப்புறம் அவர் பிளாஸ்க்கில் என்ன இருக்கும் என்று எந்தச் சோதனையும் தேவைப்படாது.

பொய் சொல்லத் தெரியாத பெண் என்று அம்மா சொன்னது சரியில்லை. பதினோரு வயதிலேயே, அப்பா அப்போது பாடம் நடத்திய கல்லூரிக்குத் தொலைபேசி செய்து, அப்பாவுக்குக் காய்ச்சல், இன்று வகுப்பெடுக்க வரமாட்டார் என்று நான் சொல்லியிருக்கிறேன். மற்ற எதற்கும் வாய் திறக்காதவள், அதை மட்டும் திக்காமல் சொல்வேன்.

"இல்லம்மா," என்றேன். "ஒரு சொட்டுகூட இல்ல."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"சரி," என்றாள். என் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினாள். அதற்கப்புறம் அவள் பல் மருத்துவரின் புது நாற்காலியைப் பற்றிப் பேசினாள். நான் நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். படி இறங்கும்போது, கொஞ்சம் சீக்கிரமாகவே நம்பிவிட்டாளோ என்று தோன்றியது.

அம்மாவிடம் அப்படிச் சொல்லிவிட்டதை அப்பாவிடம் சொன்னேன். அவர் "நன்றி" என்றார். அது எங்கள் வீட்டில் அதிகம் புழங்குகிற சொல் இல்லை. சந்தோஷப்பட்ட மாதிரியும் இல்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அந்தப் பனியைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். எனக்குத் தட்டச்சு செய்ய எதுவும் தரவில்லை. கீழே உட்கார்ந்து அவர் நடக்கிற சத்தத்தைக் கேட்டேன். புதன்கிழமை சத்தம் நின்றதும் மாடிக்கு ஓடினேன். நாற்காலியில் உட்கார்ந்து வெறும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறையை ஒரு முறை மூச்சிழுத்துப் பார்த்தேன். பென்சில் மரத்தூள் வாசனை மட்டும்தான்.

"என்ன, பாட்டில் தேடறியா?" என்றார்.

"இல்ல."

"புத்தக அலமாரிக்குப் பின்னால பாரு. பன்னெண்டாம் அத்தியாயத்துல எழுதியிருக்கேன்ல."

"பாத்துட்டேன்," என்றேன். உண்மையாகவே பார்த்திருந்தேன்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு அடித்தளத்தில் முப்பது பேர் இருந்தார்கள். மடக்கு நாற்காலிகள், பெரிய காப்பிப் பாத்திரம், எலுமிச்சைக் கேக் துண்டுகள் அடுக்கிய தட்டு. அன்று குடும்பத்தாரும் வரலாம். அம்மா நல்ல கோட்டு போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூட்டத்தை நடத்தும் கஸ் வந்து வில்லையை என் கையில் வைத்தார்.

"கீழ போட்டுடாத கண்ணு. போன மாசம் ஒருத்தன் போட்டான், உருண்டு ஹீட்டருக்கு அடியில போயிடுச்சு. அர மணி நேரம் தேடினோம். அவன் டென்ஷன்ல மறுபடி குடிச்சிருப்பான்."

நான் சிரிக்க முயன்றேன்.

"உங்கப்பா புஸ்தகம் ஒண்ணு என் வீட்டுல இருக்கு," என்றார் அம்மாவிடம். "மேசைக் கால் ஆடிக்கிட்டே இருந்துச்சு. இப்ப ஆடறதில்ல. பெரிய எழுத்தாளர்தான்."

"இவ அப்பா. என் புருஷன்," என்றாள் அம்மா.

"மன்னிக்கணும். அவ்வளவு வயசானவன் மாதிரி இருக்கான் அவன்."

கஸ் முன்னால் போய் அப்பாவைக் கூப்பிட்டார். என் கையில் வில்லை ஈரமாகிவிட்டது. அந்த ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பாதியில் நின்றுவிட்டது.

அப்பா எழுந்து நின்றார்.

"நான் எல்மர். குடிகாரன்."

"ஹலோ எல்மர்," என்றார்கள் எல்லோரும்.

"இன்னைக்கு ஒரு வருஷ வில்லை வாங்கறதா இருந்துச்சு." கோட்டுப் பைக்குள் கையை விட்டார். "எனக்கு ஒரு வருஷம் ஆகல. முந்நூத்திப் பதினாலு நாள்தான் ஆகுது. போன ஏப்ரல் இருபத்தொம்பது, முதல் கப்பல் வந்தப்ப, கால்வாய்க் கரையில கார்ல உட்காந்து குடிச்சேன். குடிச்சிட்டு ஹாரனும் அடிச்சேன். அதுக்கப்புறம் இங்க நாலு தடவ வில்லை வாங்கியிருக்கேன். நாலும் பொய்."

கோட்டுப் பையிலிருந்து நான்கையும் எடுத்து மேசை மேல் வைத்தார். எல்லோருடைய தலையும் அவர் பக்கம் இருந்தது.

"ஏன்யா," என்றார் கஸ், "இத்தன நாள் சும்மா இருந்துட்டு இன்னைக்கு வந்து சொல்ற?"

"புஸ்தகத்துல அந்தப் பக்கத்த மாத்தி எழுதப் பாத்தேன். கப்பல எடுத்துட்டுப் பனியப் போட்டேன். பதினாலு தடவ எழுதினேன். நிக்கவே மாட்டேங்குது."

"எங்ககிட்ட பத்து மாசமா நல்லாத்தானேயா நின்னுச்சு?"

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். கஸ் நான்கு வில்லைகளையும் அள்ளிக் கண்ணாடிப் பெட்டியில் போட்டார். என்னிடம் வந்து கையை நீட்டினார். "அதக் குடும்மா. ஏப்ரல் வரட்டும், பாத்துக்கலாம்." அப்பாவைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். இந்த முறை அழவில்லை.

கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பிக்கு எழுந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அம்மாவும் எழுந்திருக்கவில்லை.

"அந்த ஹாரன் எனக்குத் தெரியும்," என்றாள் அம்மா. "மத்தியான இடைவேளைல கப்பல் பாக்க நானும் போயிருந்தேன். மூடுபனியில காரு தெரியல. ஆனா சத்தம் தெரிஞ்சுச்சு. கடைசியில கொஞ்சம் கரகரங்கும். பதினெட்டு வருஷம் அந்தக் கார்ல போயிருக்கேன்."

நான் அவளைப் பார்த்தேன்.

"குடிக்காதவரு நடுப்பகல்ல அங்க உட்காந்து எதுக்கு ஹாரன் அடிக்கணும்? ஆனா அது ஹாரன்தான். பாட்டில நான் பாக்கல. அதனால வாயத் திறக்கல. யாராவது சொல்லுவாங்கன்னு இருந்தேன்." கையுறையை விரல் விரலாக மாட்டிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை உன்கிட்டக் கேட்டேன். உனக்கு உண்மையாவே தெரியாதுன்னு நெனச்சேன்."

"அம்மா..."

"இப்ப அவர் சொன்னாரே, இங்க இருக்கறவங்க அத்தன பேரும் திடுக்கிட்டாங்க. கஸ் வாயப் பொளந்துட்டான். நான் உன் முகத்தத்தான் கவனிச்சிட்டிருந்தேன். நீ அசையல."

சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. காப்பிக் குப்பி, ஆரஞ்சு நிறம், நான்கு அட்டைப் பெட்டி.

"நீ திரும்ப வரணும்னுதான்," என்றேன் கடைசியில்.

"தெரியும்."

"நாளைக்கு வீட்டுக்காரர்கிட்ட என்ன சொல்லப் போற?"

"ஏப்ரல் முடியற வரைக்கும் இருக்கேன்னு சொல்லப் போறேன்."

"அதுக்கப்புறம்?"

அப்பா காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கோப்பைகளைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் பக்கம் வருவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார். அம்மா எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அதுக்கப்புறம் குடிச்சாரா இல்லையான்னு தெரியணும்னா," என்றாள், "அவர்கிட்டயே கேட்டுக்கறேன். உன்கிட்டக் கேக்க மாட்டேன்."

நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்து அவரிடம் போனாள்.